எழுத்துப்பிழை மட்டும்

அத்தியாயம் 14

கலினா ஒரே ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெத்ரோவரதினில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய் ஏழு வாரம் ஆயிற்று. ஏன் போனாள் என்று அவளும் சொல்லவில்லை, ரெல்யாவும் சொல்லவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, முப்பத்து நாலு வயதில் ரெல்யா அம்மா வீட்டுக்கே திரும்பி வந்ததையும், பள்ளிக்கூட நாளில் படுத்த அதே குட்டைக் கட்டிலில் காலை வெளியே நீட்டிப் படுப்பதையும் போன வாரம் பார்த்தோம்.

இந்த ஏழு வாரத்தில் தாரின்காவுக்கு ஏழு வயது கூடிவிட்டது. மகனிடம் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்பான். மருமகளுக்குப் போன் போட்டால் "நல்லாத்தான் இருக்கேன் அத்தை" என்பாள். ஒன்றுமில்லாததற்கும் நல்லாயிருப்பதற்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டு அவள்தான் தூக்கமில்லாமல் புரண்டாள்.

இன்றைக்கு அந்த வீட்டில் ஸ்லாவா. குடும்பத்துப் புனிதரின் நாள். பாதிரியார் காலை ஒன்பதுக்கே வந்து ரொட்டியை ஆசீர்வதித்து வெட்டிக் கொடுத்துவிட்டு ஓடிப் போனார். டெடெலினாரா குடியிருப்பில் மட்டும் அவருக்கு இன்னும் பதினோரு வீடு பாக்கி. மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியைச் சுருட்டி வைத்த சர்மா நேற்றிலிருந்து அடுப்பில் முனகிக்கொண்டிருந்தது. அந்தப் பானைக்கும், சர்க்கரை தூவிய கோதுமைத் தட்டுக்கும் நடுவே சமையலறை மேசையில் மடிக்கணினி திறந்து கிடந்தது.

"இன்னைக்குமா?" என்றார் அவள் கணவர் திஹோமிர். வெள்ளைச் சட்டை போட்டு, தலையை ஈரம் வைத்துச் சீவி, மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"நாலு மணிக்குள்ள முடிக்கணும். ஆறு மணிக்கு வெளியாகுது."

"ஸ்லாவா வருஷத்துக்கு ஒரு நாள்தான் தாரின்கா."

"இதுவும் வருஷத்துக்கு ஒரு நாள்தான். ரெண்டும் ஒரே நாள்ல வந்து தொலைஞ்சிருக்கு, நான் என்ன பண்ண? நீங்க போய் வாசல்ல நில்லுங்க. விருந்தாளி இருக்கிற வரைக்கும் வீட்டுக்காரர் உக்காரக் கூடாது."

"எனக்கு முட்டி வலிக்குதுடி."

"புனிதர்கிட்ட சொல்லுங்க."

திஹோமிர் முனகிக்கொண்டே ராக்கியா என்கிற பிளம் பழச் சாராய பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். முட்டி வலிக்கு அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து அது.

ஓராஹ் என்பது கணினிக்குக் கட்டளை எழுதுகிற ஒரு மொழி. தாரின்காவுக்கு அதில் ஒரு வரிகூட எழுத வராது. ஆனால் ஒவ்வொரு புதிய பதிப்போடும் என்ன புதிது, எது மாறியது, எது இனி வேலை செய்யாது, யார் யார் செய்தார்கள் என்று நாற்பது பக்கத்துக்கு ஒரு குறிப்பு வெளியாகும். உலகத்தின் நாலு மூலையிலிருந்து இருபது பேர், அவரவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அவரவர் இஷ்டத்துக்கு எழுதிக் கொட்டுவார்கள். ஒருவர் வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைப்பார், அடுத்தவருக்கு அந்த வழக்கமே கிடையாது. ஒருவர் இரண்டு இடம் தள்ளித் தொடங்குவார், இன்னொருவர் நாலு இடம். யாரோ ஒரு புண்ணியவான் ஒரு மேற்கோள் குறியைத் திறந்துவிட்டு மூட மறந்திருப்பான், அரைப் பக்கம் கட்டளை வரிகளுக்கான சாம்பல் நிறக் கட்டத்துக்குள் போய் விழுந்திருக்கும்.

இதையெல்லாம் சரி செய்வதுதான் தாரின்காவின் வேலை. அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம், நாலு மொழியில் புரூஃப் பார்த்த கண் அது. அர்த்தம் புரியாவிட்டாலும் பிழை தப்பாது.

ஓய்வு பெற்று, துடைத்த ஜன்னலையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தவளை இதில் இழுத்துவிட்டவள் கலினாதான். "அத்தை, எங்க குறிப்பைப் படிச்சா உங்களுக்கு ரத்தக் கொதிப்பு வரும். வந்து எல்லாரையும் திட்டிட்டுப் போங்களேன்" என்றாள். வந்தவள் போகவில்லை. இரண்டு வருஷமாக இருக்கிறாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. குறிப்பில் யார் எதைத் திருத்தினாலும், அது என்ன மாதிரித் திருத்தம் என்று மேலே ஒரு லேபிள் ஒட்ட வேண்டும். விஷயமே மாறினால் இரண்டு பேர் படித்துப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும், கடைசி வாரத்தில் அந்த இரண்டில் ஒருவர் வெளியீட்டுப் பொறுப்பாளராக இருக்க வேண்டும். 'எழுத்துப்பிழை மட்டும்' என்று ஒட்டினால் யாரோ ஒருவர் அதைக் குறிப்பில் ஏற்றிவிட்டால் போதும். அதை ஒருவரும் படிப்பதில்லை. அரைப்புள்ளியையும் காற்புள்ளியையும் படிக்க யாருக்கு நேரம் இருக்கிறது? இரண்டு வருஷத்தில் தாரின்கா அந்த லேபிளை முந்நூறு தடவைக்கு மேல் ஒட்டியிருக்கிறாள். ஒரு தடவைகூட அதற்குள் வேறு எதையும் ஒளித்து அனுப்பியதில்லை. அந்த நம்பிக்கையில்தான் அவள் அனுப்புவது கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போகிறது.

இந்தப் பதிப்புக்குப் பொறுப்பாளர் யார் என்று கேட்கிறீர்களா? எட்டடி தள்ளி, அந்தப் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ரெல்யாதான்.

பதினொன்றரை மணிக்குத் தாரின்காவுக்கு ஏதோ உறுத்தியது.

பதினேழாம் பக்கம். நினைவகத்தைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் பகுதி முழுக்கப் புதிதாக எழுதப்பட்டிருக்கிறது என்ற பத்தி. இந்தப் பதிப்பின் தலையாய செய்தியே அதுதான். நேற்று சாயங்காலம் வரை அது நாலு வரியாக இருந்தது. அதுவும் நாலாவது வரியில் ஒரே ஒரு சொல் தனியாகத் தொங்கியது. புரூஃப் பார்க்கிறவர்களுக்கு அப்படித் தொங்கும் சொல் பல்லில் சிக்கிய நார் மாதிரி. நேற்று அதைப் பார்த்துவிட்டு, எதை வெட்டுவது என்று தெரியாமல் விட்டிருந்தாள்.

இன்றைக்கு மூன்றே வரி.

அந்தத் தனிச் சொல் 'பெலியான்ஸ்கி'. பத்தியின் கடைசியில் செய்தவர்கள் பெயர் வரிசையில் கடைசிப் பெயர் கலினா பெலியான்ஸ்கி. இப்போது அங்கே இரண்டு பெயர்தான் இருந்தது. இரண்டும் கடைசி மாதத்தில் வந்து கொஞ்சம் கைகொடுத்தவர்களுடையது.

இரண்டு வருஷம் கலினா அந்த நினைவகப் பகுதியோடு மல்லுக்கட்டியதைத் தாரின்கா கண்ணால் பார்த்தவள். சாப்பாட்டு மேசையில் முள்கரண்டியைப் பிடித்தபடியே அவள் சுவரை வெறிப்பாள். ஒரு ஈஸ்டர் முழுக்கக் காய்ச்சலோடு உட்கார்ந்து எழுதினாள். கைகொடுத்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது, செய்தவளுக்கு இல்லை.

யார் எடுத்தது என்று பழைய மாற்றங்களைத் திறந்து பார்த்தாள். நேற்று இரவு எட்டு மணி ஒரு நிமிடம். லேபிள்: 'எழுத்துப்பிழை மட்டும்'. பக்கத்தில் பெயர்: ரெல்யா பெலியான்ஸ்கி.

தாரின்காவுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை ஜிவ்வென்று ஏறியது. கட்டியவளோடு சண்டையா, இருக்கட்டும். அதற்காக அவள் உழைப்பில் கை வைப்பதா? அதுவும் அம்மா ஒட்டுகிற லேபிளை ஒட்டி?

கையைத் துடைத்த துணியைக் கீழே போட்டுவிட்டு, ரெல்யாவின் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

கட்டில் முழுக்க விருந்தாளிகளின் கோட்டுகள் குவிந்து கிடந்தன. ஸ்லாவாவுக்கு வருகிறவர்களின் கோட்டு எப்போதும் இந்த அறைக் கட்டிலில்தான் விழும். அந்தக் குவியல் ஓரத்தில், திரைக்கு முன்னால், சவரம் செய்யாத முகத்தோடு ரெல்யா உட்கார்ந்திருந்தான்.

"பதினேழாம் பக்கம்," என்றாள்.

அவனுக்கு உடனே புரிந்தது. அது அவன் தோளிலேயே தெரிந்தது.

"விடும்மா."

"நேத்து எட்டு மணிக்கு உன் பேர் இருக்கு. நீதானே?"

"ஆமா. நான்தான் ஏத்தினேன்."

"வெக்கமா இல்ல உனக்கு? வீட்ல ஆயிரம் இருக்கும். அதுக்கு அவ உழைச்சதைத் திருடுவியா?"

"அம்மா, மெதுவாப் பேசு. ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும், கேக்கட்டும்! முப்பத்தொரு வருஷம் வேலை பாத்தேன். குடிகாரன், சோம்பேறி, எல்லா ரகத்தையும் பாத்தாச்சு. அடுத்தவன் பேரை வெட்டிட்டு மேல 'பிழை திருத்தம்'னு எழுதின ஒருத்தனைப் பாக்கல. என் வயித்துல பொறந்தவன்கிட்டதான் பாக்கணும்னு இருந்திருக்கு."

ரெல்யா அவளைப் பார்க்கவே இல்லை. "உனக்கு எப்படித் தோணுதோ அப்படி நினைச்சுக்கோ. ஆனா அந்தப் பேரைத் திரும்பப் போடாதம்மா. ப்ளீஸ்."

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினது போல ஆயிற்று. கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தாள். கூடத்தில் பேச்சு நின்று, எல்லோரும் ஒரே நேரத்தில் சர்மா பிரமாதம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். திஹோமிர் கோதுமைத் தட்டோடு நடுக் கூடத்தில் முழித்துக்கொண்டு நின்றார்.

தாரின்கா மறுபடி மேசைக்கு வந்தாள். பெயரைத் திரும்பப் போடுவது அரை நிமிஷ வேலை. 'எழுத்துப்பிழை மட்டும்' என்று ஒட்டி அனுப்பினால் ஒரு குருவிக்கும் தெரியாது. விரல் விசைக்குப் போயும் விட்டது.

ஆனால் அப்புறம் அவனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? விரலை எடுத்துவிட்டாள். இரண்டு பேரைச் சரி சொல்ல வைக்கலாம் என்றால், அதில் ஒருவன் அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறான். கால் வலித்தது, இடுப்பு வலித்தது. காலை ஐந்து மணியிலிருந்து ஒரு வாய் காப்பிகூட உட்கார்ந்து குடிக்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எழுந்து போய்ச் சர்மாவைக் கிளறினாள்.

இரண்டரை மணிக்கு வாசல் மணி அடித்தது.

ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர்கள் வருவார்கள், வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் வந்திருப்பாள் போலிருக்கிறது. வாசலில் ஒரு பாட்டில் ஒயினும் இரண்டு வெள்ளைச் செவ்வந்தியுமாக கலினா நின்றாள். பூ இரட்டைப்படையில் இருந்தால் கல்லறைக்கு என்பதைக்கூட மறந்திருந்தாள்.

"ஸ்லாவா வாழ்த்துகள் மாமா," என்றாள்.

திஹோமிர் கையை விரித்தார். "என் கண்ணு," என்று மூன்று கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். இருப்பது இரண்டு கன்னம்தான், மூன்று முத்தம் கணக்கு. அவளுடைய பச்சைக் கோட்டைக் கழற்றி வாங்கி, ரெல்யாவின் அறைக் கதவைத் திறந்து, மற்றக் கோட்டுகளின் மேல் வீசிவிட்டு, உள்ளே ஒரு வார்த்தை பேசாமல் சாத்தினார். பிறகு ஒரு பூவை உருவித் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"இப்ப சரியாப் போச்சு. ஒத்தைப்படை."

கலினா சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி கோதுமை தின்றாள். கூடத்தில் உட்காராமல் நேரே சமையலறைக்கு வந்தாள். வந்தவள் ஆணியில் தொங்கிய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கழுவாத தட்டுகளின் பக்கம் போனாள். ஏழு வாரம் நடுவில் இல்லாத மாதிரியே இருந்தது. கொஞ்சம் இளைத்திருந்தாள்.

"அதை வை," என்றாள் தாரின்கா. "இங்க வந்து உக்காரு. நான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"எதுக்கு அத்தை?"

"என் பிள்ளை பண்ணின அசிங்கத்துக்கு." திரையை அவள் பக்கம் திருப்பினாள். "பாரு. நேத்து உன் பேரை எடுத்துட்டான். காலைல போய் நல்லாக் கேட்டுட்டேன், விடல. ஒத்துக்கிட்டான். மூச்சு விடல."

கலினாவின் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்து சோப்பு நுரை தரையில் சொட்டியது.

"ஒத்துக்கிட்டானா?"

"ஆமா. பக்கத்துல பேர் இருக்கே, எப்படி இல்லேங்கிறது?"

கலினா குனிந்து, ஈர விரலால் திரையில் ஒரு இடத்தைத் தொட்டாள். ரெல்யாவின் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில், வெளிர் சாம்பல் நிறத்தில் இன்னொரு பெயர் இருந்தது.

"பெரிசா இருக்கிறது ஏத்தினவன் பேரு, அத்தை. எழுதினவ பேர் கீழ இருக்கும். பேரை எடுத்தது நான். நேத்து எட்டு மணிக்கு அனுப்பினேன். அவன் ஏத்தினான், அவ்வளவுதான்."

தாரின்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். கலினா பெலியான்ஸ்கி. இருந்தது. அவள் வேலை பார்த்த அச்சகத்தில் ஒரு தாளுக்கு ஒரு கையெழுத்துதான். போட்டவன்தான் பொறுப்பு. இரண்டு வருஷமாக இங்கே அவளுடைய எல்லாத் திருத்தத்தையும் வேறு யாராவதுதான் ஏற்றினார்கள், அந்த இரண்டு பெயரையும் தினம் பார்த்திருக்கிறாள். கோபத்தில் கண் மேலே உள்ளதோடு நின்றுவிட்டது. பிழையே தப்பாது என்று பெயர் வாங்கிய கண்!

திருநாளும் அதுவுமாக, ஊரே கேட்க, செய்யாத குற்றத்துக்குப் பெற்ற பிள்ளையைத் திருடன் என்று சொல்லியிருக்கிறாள். அவன் வாயைத் திறந்து "நான் இல்லை, அவள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மாவிடம் கலினாவுக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்று அவன் வாங்கிக் கட்டிக்கொண்டான். தாரின்காவுக்கு அழுகை வந்தது. அதை அடக்க அவளுக்குத் தெரிந்த வழி திட்டுவதுதான்.

"ஏன்டி பண்ணே? உனக்குப் பைத்தியமா? ரெண்டு வருஷம் உசிரைக் குடுத்துட்டு, யாரோ ரெண்டு பேர் பேர் வாங்கிட்டுப் போகட்டும்னு விடுவியா?"

"பெலியான்ஸ்கின்னு போட்டா பொய் மாதிரி இருந்துச்சு. என் பழைய பேரைப் போட்டா நூறு பேர் என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெம்பு இல்ல அத்தை. பேரே இல்லாட்டி யாரும் கேக்க மாட்டாங்க."

"அதுக்கு 'எழுத்துப்பிழை'ன்னு ஒட்டுவியா? அந்த லேபிளை நம்பித்தானே எல்லாரும் கண்ணை மூடிட்டு இருக்காங்க? எனக்கு அதைச் சொல்லிக் குடுத்ததே நீதான்."

"அது தப்புதான்." கலினா தலையைக் குனிந்துகொண்டாள். "அந்த லேபிளுக்குத்தான் கேள்வி கிடையாது. அதான்."

கூடத்திலிருந்து திஹோமிர் எட்டிப் பார்த்து, "இன்னும் நாலு தட்டு" என்று சொல்ல வாயெடுத்து, இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டு, "வேணாம், அவங்க கையிலயே வெச்சுத் திங்கட்டும்" என்று திரும்பிப் போனார்.

மணி மூன்றேகால்.

"இங்க பாரு," என்றாள் தாரின்கா. குரல் களைத்திருந்தது. "நீயும் அவனும் எப்படியோ போங்க. அதுல நான் தலையிட மாட்டேன். ஆனா செஞ்சவ பேர் இல்லாம ஒரு குறிப்பு என் கையை விட்டுப் போகாது. எந்தப் பேர் போடணும்னு மட்டும் சொல்லு. நான் போடறேன்."

கலினா வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தாள். எதிர்ப் பால்கனியில் யாரோ கம்பளம் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மிஷ்கோவ்," என்றாள் கடைசியில். "கலினா மிஷ்கோவ்."

ஆறு வருஷத்துக்கு முன்னால், கல்யாணப் பதிவு அலுவலகத்தில் பெண்ணின் புதுப் பெயரில் ஒரு எழுத்து தவறியிருந்தது. தாரின்காதான் கண்டுபிடித்துச் சண்டை போட்டுத் திருத்த வைத்தாள். அந்தக் குடும்பப் பெயரை விட்டுவிட்டு, இப்போது அவளே, தன் கையால், மிஷ்கோவ் என்று அடித்தாள். எத்தனையோ லட்சம் திருத்தம் செய்த கைதான். ஒன்றுகூட இப்படி வலித்ததில்லை.

லேபிளில் 'உள்ளடக்கம்' என்று ஒட்டினாள். கீழே, "விடுபட்ட பெயர் சேர்க்கப்படுகிறது. இது எழுத்துப்பிழை அல்ல" என்று எழுதி அனுப்பினாள். கலினா தன் போனை எடுத்து முதல் சரியைச் சொன்னாள். இரண்டாவது சரி எட்டடி தள்ளியிருந்த அறையிலிருந்து வர வேண்டும். எழுந்து போய்த் தட்டலாம். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வந்தது. பச்சைக் குறி. 'சரி. ரெல்யா.'

பதினேழாம் பக்கத்தில் பெயர் ஏறிவிட்டது. தாரின்கா பெருமூச்சு விட்டாள். "அப்பாடா. வேலை முடிஞ்சுது."

திரும்பிப் பார்த்தால், கலினாவின் கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"என்னம்மா? நீ கேட்டதுதானே போட்டேன்?"

"ஒரு நிமிஷம்கூட ஆகல, பாத்தீங்களா? நேத்து பேரை எடுத்தேன். ஒரே நிமிஷத்துல ஏத்திட்டான். இன்னைக்கு வேற பேர் போட்டேன். உடனே சரி. ஏன்னு ஒரு வார்த்தை..." மூக்கை ஏப்ரனில் துடைத்தாள். "அன்னைக்குக்கூட, கொஞ்ச நாள் அக்கா வீட்ல இருக்கட்டுமான்னு கேட்டேன். சரின்னான். பெட்டியைக் கீழ வரைக்கும் தூக்கிட்டு வந்து டாக்சியில வெச்சான், அத்தை. கைப்பிடி பிஞ்சிருக்கு, பாத்துத் தூக்குன்னான். அவ்வளவுதான்."

தாரின்காவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. இந்தப் பெண் நேற்று கேள்வியில்லாத லேபிளை ஒட்டி அனுப்பியதே, ஒரே ஒருவனாவது கேட்டுவிட மாட்டானா என்றுதான். அவளுக்கே அது தெரியுமோ என்னவோ.

கலினா ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். "நான் கிளம்பறேன் அத்தை."

"இரு," என்றாள் தாரின்கா. "ஒரு கேக்காவது கட்டித் தரேன்." கேக்கைக் கட்டவில்லை. நேரே ரெல்யாவின் அறைக்குப் போனாள். இந்தத் தடவை கதவை அறையவில்லை, பாதி திறந்தபடியே விட்டுவிட்டுப் போய்க் கோட்டுக் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

ரெல்யா பச்சைக் கோட்டை மடியில் வைத்திருந்தான். திரையில் ஆறு மணி வெளியீட்டுக்கு எல்லாம் தயாராக இருந்தது.

"நீ இல்லேன்னு காலைல ஏன்டா சொல்லல?"

"சொன்னா அவளைத் திட்டியிருப்பே."

"ஆமா, திட்டியிருப்பேன். என் வாய் என்னைக்குச் சும்மா இருந்துச்சு?" அவன் கையைப் பிடித்தாள். "மன்னிச்சுக்கோடா. தப்பு என்னுது."

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"அவ பேரை மாத்தி அனுப்பினேன். ஒரு நிமிஷத்துல சரின்னுட்டே. மனசு ஒப்பித்தான் சொன்னியா?"

"அவ கேட்டா. வேற என்ன சொல்றது?"

"ஏன்னு கேக்க வேண்டியதுதானே?"

ரெல்யா கோட்டின் கையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான். சின்ன வயதில் பரீட்சைத் தாளை ஒளித்து வைத்த அன்றைக்கு எப்படி உட்கார்ந்திருந்தானோ அப்படி உட்கார்ந்திருந்தான்.

"பயமா இருக்கும்மா," என்றான். "கேட்டு, அவ பதில் சொல்லிட்டான்னா? உன்னைப் பிடிக்கல, அதான்னு சொல்லிட்டான்னா? கேக்காத வரைக்கும் அக்கா வீட்டுக்குத்தான் போயிருக்கான்னு நினைச்சுக்கலாம். அதனால அவ எதைக் கேட்டாலும் சரிங்கிறேன். வேணாம்னு சொல்லி இன்னும் தூரமாப் போயிடுவாளோன்னு."

தாரின்கா அவன் தோளைத் தட்டிக் கொடுத்தாள். தலையை நிமிர்த்தினாள். பாதி திறந்த கதவில் கலினா நின்றிருந்தாள். கோட்டை எடுக்க வந்திருக்கிறாள், அது இவன் மடியில் இருக்கிறது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் நிறையக் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

ரெல்யாவும் பார்த்துவிட்டான். கோட்டை நீட்டினான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"கேளு," என்றாள் கலினா.

தாரின்கா எழுந்து, மருமகளை ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நழுவி வெளியே வந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.

நாலு மணி ஆயிற்று, ஐந்து ஆயிற்று. உள்ளேயிருந்து ஒரு தடவை கலினாவின் குரல் உயர்ந்தது. அப்புறம் வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தாரின்காவால் யூகிக்க முடியவில்லை. கிளம்ப எழுந்த விருந்தாளிகள் கோட்டு வேண்டும் என்று கேட்டார்கள். "உக்காருங்க, உக்காருங்க, இன்னொரு வால்நட் கேக் சாப்பிடுங்க" என்று தட்டை நீட்டினாள். மூன்றாவது சுற்றுக் காப்பியும் ஓடியது. கிளம்ப முடியாமல் எல்லோரும் வயிறு வெடிக்கத் தின்றுகொண்டிருந்தார்கள்.

ஆறு மணி. ஓராஹ் வெளியாகவில்லை.

ஆறு பத்துக்கு மேசையிலிருந்த மடிக்கணினி டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. ஹெல்சின்கியிலிருந்து ஒருவர், லிஸ்பனிலிருந்து ஒருவர். ரெல்யா எங்கே? குறிப்பு தயாரா? ஏதாவது பிரச்சினையா?

அச்சகத்தில் இருந்த காலத்தில் ஐந்து நிமிஷம் தாமதம் என்றாலே தாரின்கா எல்லோரையும் திட்டித் தீர்ப்பாள். தாள் இயந்திரத்தில் ஏறுகிற சத்தம் கேட்டால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும். திஹோமிருக்கு அது தெரியும்.

"பாவம், எவ்வளவு பேர் காத்திருக்காங்க," என்று அவர் பாட்டிலை வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டே அறைப் பக்கம் போனார். "நான் போய்த் தட்டறேன்."

தட்டக் கையை ஓங்கிவிட்டார். தாரின்கா ஓடி வந்து சட்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில், மேல் பொத்தான் ஒன்று தெறித்துத் தரையில் உருண்டது.

"சும்மா இருங்க," என்றாள். "லேட்டா வரட்டும்."